32 நிமிஷம்னு சொன்னீங்களே, வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் கணக்கு சொல்லுங்க!

ரெண்டு விமான நிலையத்தோட பேரைத் தட்டினா தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவுன்னு சொல்ற கருவிகள் போனில் ஏகப்பட்டது இருக்கு. சென்னை – சேலம் தட்டிப் பாருங்க. நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தா 32 நிமிஷம்!

இந்த மாதிரி கணக்கை வெச்சுத்தான் 2017-ல இருந்து ஒரு பெரிய உருட்டு ஓடிக்கிட்டு இருக்கு. "சின்ன ஊருக்கெல்லாம் விமானம் வந்தாச்சு, அரை மணி நேரத்துல போயிடலாம்"னு கலர் கலரா கார்டு. குடும்ப குரூப்ல சித்தப்பா அனுப்புறார், பழைய ஸ்கூல் குரூப்ல நண்பன் அனுப்புறான். நம்ம ஆளுங்களே சில பேர் "நல்ல விஷயம்தானே"ன்னு தம்ஸ் அப் போடுறாங்க.

சரி, கத்த வேண்டாம். கணக்கு போடுவோம். பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கங்க, நாங்க சொல்றதை நீங்களே சரிபாருங்க.

கணக்கு 1: அடையாறு – சேலம்

விமானம் ஒரு ஓடுபாதையில் இருந்து இன்னொரு ஓடுபாதைக்குப் போகும். மனுஷன் வீட்டில் இருந்து வீட்டுக்குப் போகணும். இந்த வித்தியாசம்தான் மொத்த விஷயமும்.

முதல்ல அந்த 32 நிமிஷமே தப்பு. விமானம் நிறுத்தின இடத்தில் இருந்து நகர்ந்து ஓடுபாதைக்குப் போகணும், முறை வர்ற வரைக்கும் நிக்கணும், மேலே ஏறணும், அந்தப் பக்கம் இறங்கணும், திரும்ப ஊர்ந்து வந்து நிக்கணும். இதுக்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் எப்படியும் போகும். டெல்லி போற விமானத்துக்கும் இதே அரை மணி நேரம்தான், சேலம் போற விமானத்துக்கும் இதே அரை மணி நேரம்தான். டெல்லிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல, அதனால அந்த அரை மணி நேரம் தெரியாது. சேலத்துக்குப் பறக்கிற நேரமே அரை மணிதான், அதனால நேரம் அப்படியே இரட்டிப்பாகும். கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கிறது இதனாலதான்.

இப்ப எல்.பி. ரோட்டில் குடியிருக்கிற ஒருத்தர் சேலம் போகணும்னு வெச்சுக்குவோம்.

வீட்டில் இருந்து மத்திய கைலாஷ், கிண்டி, கத்திப்பாரா தாண்டி மீனம்பாக்கம்: சுமார் 12 கிலோமீட்டர், 40 நிமிஷம். அடையாறுக்கு இன்னும் மெட்ரோ வரலை, தோண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. விமான நிலையத்துக்கு 2016-லயே மெட்ரோ வந்துடுச்சு, ஆனா அதைப் பிடிக்க நாம சின்னமலைக்கோ கிண்டிக்கோ போகணும்.

புறப்படுறதுக்கு 60 நிமிஷம் முன்னாடி பெட்டி போடுற கவுன்ட்டரை மூடிடுவாங்க. அதனால ஒன்றரை மணி நேரம் முன்னாடியாவது போய் நிக்கணும்: 90 நிமிஷம்.

விமானம்: 65 நிமிஷம்.

இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர: 20 நிமிஷம்.

சேலம் விமான நிலையம் சேலத்துல இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல இருக்கு. அங்கிருந்து ஊருக்குள்ள வர சுமார் 20 கிலோமீட்டர்: 40 நிமிஷம்.

கூட்டுங்க. 255 நிமிஷம். நாலே கால் மணி நேரம்.

இப்ப ரயில். அடையாறில் இருந்து சென்ட்ரல் 45 நிமிஷம். 20 நிமிஷம் முன்னாடி போய் நிக்கிறோம். 2023 ஏப்ரல்ல விட்ட கோவை வந்தே பாரத், சேலத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடுது: 205 நிமிஷம். சேலம் ஜங்ஷன் ஊருக்குள்ளயே இருக்கு: 20 நிமிஷம். மொத்தம் 290 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கும் பத்து நிமிஷம் குறைவு.

வித்தியாசம் எவ்வளவு? 35 நிமிஷம்!

கார்டுல பாத்தா 32 நிமிஷம் எங்கே, மூன்றரை மணி நேரம் எங்கேன்னு வாய் பிளக்கும். மூணு மணி நேரம் மிச்சம்னு தோணும். வாசல்ல இருந்து வாசலுக்கு எண்ணினா மிச்சம் 35 நிமிஷம். சர்தார் படேல் ரோட்டில் ஒரு மழை பெய்ஞ்சா அதுவும் போச்சு. அதுவும் விமானம் கிளம்புற நேரமும் நம்ம வேலையும் ஒத்துப்போனாத்தான். இல்லேன்னா காத்திருக்கிற நேரத்தையும் கூட்டிக்கங்க.

உங்க வீட்டுக் கணக்கு பத்து இருபது நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம். போட்டுப் பாத்து கமென்ட்ல சொல்லுங்க. ஆனா எந்தக் கணக்கிலும் 32 நிமிஷம் வராது. அதுக்கு நாங்க கேரண்டி.

அதுக்காக சேலத்துக்கு விமானமே வேண்டாம்னு நாம சொல்லலை. நாமக்கல், தருமபுரி ஆளுங்க சென்னை வந்து வேற விமானம் மாறி டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ போக அது கட்டாயம் தேவை. மாறிப் போறவருக்கு அது உண்மையான மிச்சம். ஆனா "அரை மணி நேரத்துல சேலம்"னு ஓட்டு கேக்காதீங்க.

சேலத்தோட கதையைக் கொஞ்சம் பாருங்க

இந்த விமான நிலையம் 1993-ல் திறந்தது. விமானம் வந்தது, நின்னது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது. அதுவும் நின்னது, அப்புறம் அந்த கம்பெனியே நின்னது. பிறகு உடான் திட்டம். 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் சென்னை – சேலம் விமானத்தைத் தொடங்கினாங்க. அப்போதைய முதலமைச்சரே வந்து தொடங்கி வெச்சார். 2021-ல் அதுவும் நின்னது. 2023 அக்டோபர்ல மறுபடியும் விமானம் வந்தது, மறுபடியும் விழா.

முப்பது வருஷத்துல ஒரே விமான நிலையத்துக்கு எத்தனை முறை "முதல் விமானம்"! ஒரே குழந்தைக்கு நாலு தடவை பேர் வெச்ச மாதிரி.

2018-ல் வந்து 2021-ல் போனதுக்குப் பின்னாடி கொரோனாவும் இருக்கு, மறுக்கலை. ஆனா அந்த மூணு வருஷம்ங்கிற கணக்கைக் கவனிங்க. உடான் திட்டத்தில் ஒரு வழித்தடத்துக்கு மூணு வருஷம்தான் மானியம். பாதி இருக்கைகளுக்கு அரசு கட்டண உச்சவரம்பு வைக்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்னு தொடக்கத்தில் சொன்னாங்க. அதனால வர்ற நஷ்டத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் 80-க்கு 20-னு பகிர்ந்து விமான நிறுவனத்துக்குக் கொடுக்கும். மூணு வருஷம் முடிஞ்சதும் சொந்தக் காலில் நிக்கணும்.

நின்னாங்களா? இதை நாம சொன்னா "அரசியல் பண்றாங்க"ன்னு சொல்வாங்க. அதனால இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாங்க சிஏஜி, 2023 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்தில் வெச்ச அறிக்கையையே எடுத்துக்குவோம்.

உடான் 3 வரைக்கும் கொடுத்த வழித்தடங்கள் 774. அதில் தொடங்கவே தொடங்காதது 403. அதாவது பாதிக்கும் மேல விமானம் ஏறவே இல்லை. தொடங்கின 371-ல் மூணு வருஷத்தை முழுசா ஓட்டினது 112. மானியம் முடிஞ்ச பிறகும் 2023 மார்ச்ல ஓடிக்கிட்டு இருந்தது 54.

774-ல் 54. நூத்துக்கு ஏழு. நூத்துக்கு ஏழு மார்க் வாங்கினா நம்ம வீட்டுல சாப்பாடு போடுவாங்களா தோழர்களே? இங்கே இதுக்கு மாலை போட்டுக் கொண்டாட்டம்.

2025 பட்ஜெட் உரையில் என்ன சொன்னாங்க? 88 விமான நிலையங்களை இணைச்சோம், 619 வழித்தடங்களைச் செயல்பாட்டுக்குக் கொண்டு வந்தோம், அடுத்த பத்து வருஷத்தில் இன்னும் 120 புது ஊர்கள். கேக்க நல்லாத்தான் இருக்கு. "செயல்பாட்டுக்குக் கொண்டு வந்தோம்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. என்னைக்கோ ஒரு நாள் பறந்திருந்தா அது அந்தக் கணக்கில் வரும். இன்னைக்கும் பறக்குதுன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. பேசுறது ஆங்கிலம், விளையாடுறது இலக்கணத்தில்.

நெய்வேலி 2017-ல் முதல் சுற்றிலேயே பட்டியலில் வந்தது. வேலூர், தஞ்சாவூர், ராமநாதபுரம் அடுத்தடுத்த சுற்றில் வந்தது. பட்டியலில்தான் வந்தது. அந்த ஊர்க்காரங்க இன்னும் மேலே பாத்துக்கிட்டு இருக்காங்க.

அதுலயும் தூரத்தைப் பாருங்க. சென்னைக்கும் வேலூருக்கும் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். தஞ்சாவூரில் இருந்து திருச்சி விமான நிலையம் சாலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். வேலூர் சிஎம்சிக்கு வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் நோயாளிகள் வர்றாங்க. அவங்களுக்குத் தேவை கொல்கத்தாவில் இருந்து நேரா இறங்குற பெரிய விமானம். அங்கே திட்டமிட்டிருக்கிற குட்டி விமானத்தில் இருபது பேர் ஏறினாலே பெரிசு. நோய் ஒண்ணு, மருந்து வேற.

கணக்கு 2: ஆறு ஊர், பதினைந்து ஜோடி

இதுதான் இந்தப் பதிவில் முக்கியமான கணக்கு. கவனமாப் படிங்க.

தமிழ்நாட்டில் இப்ப கால அட்டவணைப்படி பயணிகள் விமானம் வந்து போற ஊர்கள் ஆறு: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி, சேலம். ஆறு ஊரை ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்தா பதினைந்து ஜோடி வரும். பிளஸ் டூ கணக்குதான்.

இந்தப் பதினைந்தில் நேரடி விமானம் எத்தனை ஜோடிக்கு? ஐந்து. அந்த ஐந்திலும் ஒரு பக்கம் சென்னை. மீதி பத்து ஜோடிக்கும் பூஜ்யம்.

கோவையில் இருந்து மதுரைக்கு நேரடி விமானம் கிடையாது. மதுரையில் இருந்து திருச்சிக்குக் கிடையாது. கோவையில் இருந்து தூத்துக்குடிக்கும் கிடையாது.

கோவை – தூத்துக்குடியை மட்டும் எடுப்போம். நேர்கோட்டில் சுமார் 275 கிலோமீட்டர். சென்னை – சேலத்தை விட பத்து கிலோமீட்டர்தான் கூட. விமானத்தில் போகணும்னா என்ன செய்யணும்? கோவையில் இருந்து சென்னைக்கு சுமார் 400 கிலோமீட்டர் மேலே வரணும். மீனம்பாக்கத்தில் உக்காந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கணும். அங்கிருந்து தூத்துக்குடிக்கு சுமார் 525 கிலோமீட்டர் கீழே போகணும். 275 கிலோமீட்டர் தூரத்துக்கு 925 கிலோமீட்டர் பறக்கணும். மூணு மடங்குக்கும் மேல! தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கோம், இது மாநிலத்தையே சுத்தி மூக்கைத் தொடுறது. இல்லேன்னா பெங்களூரு போய் மாறணும். தமிழ்நாட்டின் ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போக கர்நாடகா வழியா.

யார் போறாங்க அந்த வழியில்? திருப்பூர் பனியன் கம்பெனியின் சரக்கு தூத்துக்குடி துறைமுகம் வழியாத்தான் பெருமளவு கப்பல் ஏறுது. கொங்குப் பகுதிக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் தினமும் வேலை இருக்கு. ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிற பையனும் போறான், கோவை மில்லில் வேலைக்கு வந்த கோவில்பட்டி, சாத்தூர்க் குடும்பமும் போகுது. காரில் ஆறு ஏழு மணி நேரம், பஸ்ஸில் அதுக்கு மேல.

ரயில்? 2024 ஜூலையில் மேட்டுப்பாளையம் – தூத்துக்குடி ரயில் ஒண்ணு விட்டாங்க. கோவை, பொள்ளாச்சி, திண்டுக்கல், மதுரை வழியாப் போகுது. நல்ல வழி. ஆனா வாரத்துக்கு ரெண்டே நாள். மத்த அஞ்சு நாள் துறைமுகம் லீவா?

இதே தூத்துக்குடியில் 2025 ஜூலை 26-ல் பிரதமர் வந்து புது முனையத்தைத் திறந்து வெச்சார். சுமார் 450 கோடி ரூபாய். ஓடுபாதை மூணு கிலோமீட்டருக்கு நீட்டியிருக்காங்க. திருச்சியில் 2024 ஜனவரி 2-ல் புது முனையம் திறந்தாங்க, ஆயிரம் கோடிக்கு மேல. அழகா இருக்கு, மறுக்கலை. கோபுரம், கோலம் எல்லாம் வரைஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா திருச்சி முனையத்தில் இருந்து தூத்துக்குடி முனையத்துக்கு விமானம் இருக்கா? இல்லை. கட்டடம் திறக்க எல்லாரும் வர்றாங்க. வழித்தடம் திறக்க யாரும் வரலை.

ஏன் இல்லை? சட்டத்திலேயே வழி இல்லை!

இங்கேதான் சூட்சுமம். உடான் மானியம் வேணும்னா வழித்தடத்தில் ஒரு முனையாவது விமான சேவையே இல்லாத ஊரா, இல்லேன்னா ரொம்பக் குறைவான சேவை உள்ள ஊரா இருக்கணும். கோவையும் மதுரையும் "ஏற்கெனவே சேவை உள்ள" ஊர்கள். டெல்லிக்கும் மும்பைக்கும் விமானம் இருக்கே, அது போதும்னு கணக்கு. கோவைக்காரர் மதுரைக்குப் போகணும்ங்கிறது டெல்லியில் உக்காந்து விதி எழுதினவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

திட்டத்தின் முதல் பதிப்பில் தூரத்துக்கும் ஒரு வேலி போட்டாங்க: 200-ல் இருந்து 800 கிலோமீட்டர். கோவை – மதுரை நேர்கோட்டில் சுமார் 175. கோவை – திருச்சி சுமார் 185. ரெண்டுமே வேலிக்கு வெளியே! பின்னாடி அந்த வேலியை மாத்தினாங்க, தளர்த்தினாங்க. ஆனா "ஏற்கெனவே சேவை உள்ள ஊர்"ங்கிற பூட்டு அப்படியே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. மேப்ல ஸ்கேல் வெச்சு அளந்து ஒரு விதி. அந்த விதியை எழுதினவர் ஒரு தடவையாவது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்னு "மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ், எப்ப போய்ச் சேரும்"னு கேட்டிருப்பாரா?

185 கிலோமீட்டர், ரெண்டு கதை

இந்த எண்ணை நினைவில் வெச்சுக்கங்க: 185. கோவை – திருச்சி நேர்கோட்டுத் தூரம். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு தெரியுமா? அதுவும் கிட்டத்தட்ட அதே 185!

2025 மார்ச் 30-ல் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கினாங்க. நாம மனசார வரவேற்கிறோம். அதுக்கு முன்னாடி திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக சென்னைக்கு வந்து விமானம் மாறணும், இல்லேன்னா கொழும்பில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் சாலையில் வடக்கே போகணும். போக்கே ஒரு நாள் ஆகும். அதே மாதிரிதான் சென்னை – யாழ்ப்பாணமும். 2019 நவம்பரில் பலாலிக்கு விமானம் விட்டாங்க, கொரோனாவில் நிறுத்தினாங்க, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கினாங்க. நடுவில் கடல் இருக்கு, ரயில் கிடையாது, பஸ் கிடையாது. அங்கே சின்ன விமானம் ஒரு நாள் பயணத்தை ஒரு காலைப் பொழுதாக்குது. அது உண்மையான சேவை.

கோவை – திருச்சிக்கு நடுவில் கடலா இருக்கு? கரூர் இருக்கு, காவிரி இருக்கு, தண்டவாளம் இருக்கு. அங்கே நல்ல வேகமான ரயில் அடிக்கடி ஓடினாலே விமானத்தைத் தோற்கடிக்கும்.

தூரம் ஒண்ணுதான், ஆனா தேவை வேற வேற. 185 கிலோமீட்டரை மட்டும் பாத்தா ரெண்டும் சமம். வாசல்ல இருந்து வாசலுக்கு நேரத்தைப் பாத்தா ஒண்ணுக்கு விமானம் வேணும், இன்னொண்ணுக்கு ரயில் வேணும். இவ்வளவு எளிமையான விஷயத்தை ஒரு அமைச்சகமே பாக்க மறுக்குது.

மாநில அரசும் தப்பிக்க முடியாது

"ஒன்றிய அரசு மேல மட்டும் பழி போடுறீங்களே"ன்னு கேப்பாங்க. இருங்க, வர்றோம்.

விமான எரிபொருளுக்கு உடான் விமான நிலையங்களில் வாட் வரி 1 சதவீதம். அதை மாநிலங்கள் ஒப்புக்கிட்டுத்தான் திட்டத்தில் சேர்ந்தாங்க. ஆனா மத்த விமான நிலையங்களில் தமிழ்நாட்டில் 29 சதவீதம். கோவையில் இருந்து தூத்துக்குடிக்குப் பறக்க ஒரு நிறுவனம் முன்வந்தாலும் ரெண்டு முனையிலும் எரிபொருளுக்கு 29 சதவீதம் கட்டணும். சின்ன விமானம், குறைஞ்ச இருக்கை, பாதி நேரம் மேலே ஏறுறதுக்கும் கீழே இறங்குறதுக்குமே போற குறுந்தூரம். யார் வருவா? நம்ம ஊர்களுக்குள்ள மட்டும் பறக்கிற வழித்தடத்துக்குத் தனியா வரியைக் குறைக்க எந்த டெல்லி அனுமதியும் தேவை இல்லை. கோட்டையில் ஒரு கையெழுத்து போதும்.

அப்புறம் கிளாம்பாக்கம். சென்னைக்காரங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2023 டிசம்பர் 30-ல் பேருந்து முனையத்தைத் திறந்தாங்க. தெற்கே போற பஸ்ஸுக்கு கோயம்பேட்டில் இருந்து ஊருக்குள்ள ஊர்ந்து வர்ற தூரம் மிச்சம். பஸ்ஸோட கணக்கில் நேரம் குறைஞ்சது. ஆனா ராயபுரத்துல, பெரம்பூர்ல இருந்து வர்றவங்க கணக்கு? பஸ் ஏறுறதுக்கே ரெண்டு மணி நேரம்! மெட்ரோ வரலை, ரயில் நிலையம் தயாராகலை, முனையத்தை மட்டும் திறந்தாச்சு. வண்டியோட நேரத்தை எண்ணினாங்க, மனுஷனோட நேரத்தை எண்ணலை.

இதையே நாளைக்கு விமானத்துக்கும் செய்யப் போறாங்க. பரந்தூருக்கு 2025 ஏப்ரல்ல ஒன்றிய அரசு கொள்கை ஒப்புதல் கொடுத்தாச்சு. ஏகனாபுரம் மக்கள் ஏரியையும் வயலையும் காப்பாத்த வருஷக்கணக்கா போராடுறாங்க. அந்தப் போராட்டம் தனிப் பதிவு, எழுதுவோம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி: அடையாறில் இருந்து பரந்தூர் சுமார் 70 கிலோமீட்டர். திருச்சிக்கோ சேலத்துக்கோ போற சின்ன விமானம் அங்கே மாறினா, 265 கிலோமீட்டர் பறக்க 70 கிலோமீட்டர் சாலையில் யார் போவா? அதுக்குப் பதிலா நேரா கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறிடலாமே. குறுந்தூர விமானங்கள் மீனம்பாக்கத்திலேயே இருக்கும்னு ஒரு வரி எழுதிக் கொடுக்க முடியுமா? இதுவரைக்கும் கொடுத்தாங்களா?

செருப்பு போட்டவர் எங்கே?

2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவில் உடான் விமானத்தைத் தொடங்கி வெச்சப்போ, ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்கணும்னு பிரதமர் பேசினார். கேக்க நல்லா இருந்தது. கைதட்டினாங்க.

அந்தச் செருப்பு போட்டவர் இன்னைக்கு எங்கே இருக்கார் தெரியுமா? கோவை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நிக்கிறார். தீபாவளிக்கு முந்தின நாள் சென்ட்ரல்ல முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாம நிக்கிறார். அவருக்கு ஒரு விமானம் கொடுக்கிறேன்னு சொல்லிட்டு, இருந்த பாசஞ்சர் ரயிலை எக்ஸ்பிரஸ்னு பேர் மாத்தி டிக்கெட்டை ஏத்தினதுதான் நடந்தது.

விமானத்துக்கு நாம எதிரி இல்லை தோழர்களே. எதிர்க்கட்சிக்காரன் பதிவைப் படிச்சுட்டு "இவங்க வளர்ச்சிக்கு எதிரி"ன்னு வருவான். அவனுக்கு ஒரே பதில்: எங்களுக்குக் கோவை – தூத்துக்குடி விமானம் வேணும். கொடு. யாழ்ப்பாண விமானம் தினமும் வேணும். கொடு. கொல்கத்தாவில் இருந்து வேலூருக்கு வர்ற மாதிரி ஓடுபாதை வேணும். கொடு. நாங்க கேக்குறது வளர்ச்சி, நீங்க காட்டுறது கார்டு.

நம்ம கோரிக்கைகள்

1. மானியம் கொடுக்கிற ஒவ்வொரு வழித்தடத்துக்கும், பஸ், ரயிலோட ஒப்பிட்டா வாசல்ல இருந்து வாசலுக்கு எத்தனை நிமிஷம் மிச்சம்ங்கிறதை ஒன்றிய அரசு வெளியிடணும். மிச்சமே இல்லாத இடத்தில் அந்தப் பணத்தை ரயிலுக்குக் கொடுக்கணும்.

2. "ஏற்கெனவே சேவை உள்ள ஊர்"ங்கிற பூட்டை உடைக்கணும். ஒரே மாநிலத்தில் நேரடி விமானம் இல்லாத ரெண்டு ஊருக்கு நடுவிலும் உடான் மானியம் கிடைக்கணும். முதல்ல கோவை – தூத்துக்குடி.

3. "செயல்பாட்டுக்கு வந்த வழித்தடம்"னு சொல்றதை நிறுத்திட்டு, இன்னைக்குப் பறக்கிற வழித்தடம் எத்தனைன்னு மாசாமாசம் சொல்லணும்.

4. தமிழ்நாட்டு ஊர்களுக்குள்ள பறக்கிற விமானத்துக்கு மாநில அரசு எரிபொருள் வரியை 1 சதவீதமாக்கணும்.

5. மேட்டுப்பாளையம் – தூத்துக்குடி ரயில் தினமும் ஓடணும். கோவை – திருச்சி, கோவை – மதுரைக்கு வேகமான பகல் ரயில்கள் வேணும்.

6. காமலாபுரம், வாகைக்குளம் விமான நிலையங்களில் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வாசலில் அரசு பஸ் நிக்கணும். டாக்ஸிக்கு ஆயிரம் கொடுக்கிறவருக்கு மட்டும் விமானம் இல்லை.

7. சென்னையில் இருந்து தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போற விமானங்கள் மீனம்பாக்கத்தை விட்டு நகராதுன்னு எழுத்துப்பூர்வமா உறுதி வேணும்.

தோழர்களே, அடுத்த தடவை யாராவது குரூப்ல "32 நிமிஷத்துல சேலம்"னு கார்டு அனுப்பினா திட்டாதீங்க, சண்டை போடாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வீட்டுல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும், அங்கே வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவோம்?" அதுக்குப் பதில் வராது. கார்டு அனுப்பினவரும் யோசிப்பார்.

உங்க ஊர் எது, எங்கே போகணும், இப்ப எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு கமென்ட்ல போடுங்க. திருநெல்வேலியா, நாகையா, ஊட்டியா, எந்த ஊரா இருந்தாலும் சரி. எல்லாத்தையும் தொகுத்து நம்ம மக்கள் பிரதிநிதிகள் கையில் கொடுக்கிறோம். அவங்க கேப்பாங்க. கேக்க வைப்போம்.

பகிருங்கள், பரப்புங்கள்!

#வாசல்முதல்வாசல்வரை
#பதினைந்தில்ஐந்து
#கோவைதூத்துக்குடிவிமானம்எங்கே

– தகவல் தொழில்நுட்ப அணி, அடையாறு பகுதி